கடைசி நம்பர்

பஸ்ஸில் இடம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. துப்பட்டாவோ கைக்குட்டையோ, கையில் கிடைத்ததை ஜன்னல் வழியாக எறிந்து சீட்டைப் பிடித்துவிடுவேன். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினம் வேலைக்குப் போய்வருகிறவளுக்கு அது தெரியாவிட்டால் புதுச்சத்திரம் தாண்டும்வரை ஒற்றைக் காலில்தான் நிற்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த என் சிநேகிதிக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது. எங்கள் இரண்டு பேருக்கும் சிதம்பரத்தில் வேலை இருக்கும் நாட்களில், கடலூர் பஸ் நிலையத்தில் நான் முண்டியடித்து ஏறி, இரண்டு சீட்டுப் பிடித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சண்டை போட்டு அதைக் காப்பாற்றி வைத்திருப்பேன். அவள் கீழே நின்றுகொண்டு கூடைக்காரம்மாவுக்குக் கூடையைத் தூக்கிவிடுவாள். கைக்குழந்தைக்காரிக்கு வழிவிடுவாள். கண்டக்டர் விசில் அடித்த பிறகுதான் படியில் கால் வைப்பாள்.

"ஏன்டி, இங்க ஒருத்தி தொண்டை கிழியக் கத்துறேனே, காதுல விழலியா?"

"விழுந்துச்சு. எல்லாரும் ஏறட்டும்னு பாத்தேன். கடைசி ஆள் ஏறினாத்தானே பஸ்ஸு கெளம்பும்?"

"அந்தக் கடைசி ஆள் நீயாத்தான் இருக்கணுமா?"

"யாராச்சும் இருக்கணும் இல்ல?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் ஒரு பொட்டலம் வேர்க்கடலை என் மடியில் வந்து விழும். அதுதான் அவள் சமாதானம்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கேயாவது இதைப் படித்தால், தன் பெயர் மேலே கிடப்பதைப் பார்த்துக் கூசிப்போவாள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்றும் எனக்குத் தெரியாது. 2012-ல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடலூரை விட்டுப் போனாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். எந்த ஊருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது எங்கள் அலுவலகம். பெயருக்குத்தான் சாஃப்ட்வேர் கம்பெனி. சென்னையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவந்த ஒரு சார், நான், அவள், கணக்கு வழக்கு பார்க்க ஓர் அம்மா. அவ்வளவுதான். சாருக்கு நல்ல மனசு, கொஞ்சம் சோம்பேறித்தனம். பள்ளிக்கூடங்களுக்கு மார்க் ஷீட், லாட்ஜுகளுக்கு பில் என்று எது வந்தாலும் செய்வோம்.

அவள் கடலூர் பழைய துறைமுகத்துக்குத் தெற்கே இருந்த ஒரு மீனவர் ஊர்ப் பெண். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.சி.ஏ. படித்தவள். மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் கீழே ஜெராக்ஸ் கடைக்காரருக்கே மூக்கு வியர்த்துவிடும். சுறாப் புட்டு, நெத்திலி வறுவல், நண்டுக் காலத்தில் நண்டு. எனக்கு வை, சாருக்கு வை, கணக்கு அம்மாவுக்கு வை என்று எல்லாருக்கும் வைத்துவிட்டு அடியில் ஒட்டியிருப்பதைச் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்பாள். "உனக்கு எங்கடி?" என்றால், "தூள் இருக்கு, அதுலதான் ருசி" என்பாள். அலுவலகத்தில் ஆயுத பூஜைக்கு எடுத்த போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. அதிலும் அவள் ஓரத்தில்தான் நிற்கிறாள். பாதித் தோள் வெட்டுப்பட்டிருக்கிறது.

இதெல்லாம் அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அடக்கமே கிடையாது. சாரையே எதிர்த்துப் பேசுவாள். ஆனால் எதைச் செய்தாலும் வரிசையின் கடைசியில் போய் நின்று பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. அதற்குக் காரணம் இருந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, கேட்காமலே சொன்னாள்.

"அலை வந்துச்சில்ல, அப்புறம் எங்க ஊருக்கு லாரி லாரியா சாமான் வந்துச்சு. முன்னாடி நிக்கிறவுங்களுக்கு ரெண்டு ரெண்டாக் கெடைக்கும். நானும் அம்மாவும் பின்னாடி நிப்போம். எங்ககிட்ட வரும்போது சாக்க ஒதறிக் காட்டிட்டுப் போயிடுவாங்க. அவுங்க நோட்டுல எல்லாருக்கும் குடுத்தாச்சுன்னு இருக்கும். கடைசில நிக்கிறவள ஒருத்தர் கேட்டிருந்தாப் போதும், உனக்கு வந்துச்சாம்மான்னு. கேக்கவே இல்ல."

அந்தச் சுனாமி அலை வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஹாஸ்டலில் இருந்தாள். அம்மா மீன் விற்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அப்பா கடலில். அவர் எப்போதுமே கடைசியாகக் கரையேறுகிறவர். ஊரில் மற்றவர்களெல்லாம் பைபர் படகுக்கு மாறின பிறகும் அவர் மட்டும் தனி ஆளாகக் கட்டுமரத்தில் போய், கரையை ஒட்டியே நண்டு வலை போடுவார். அன்றைக்கு எல்லாரும் திரும்பிவந்து கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் இன்னும் உள்ளே இருந்தார். அலை அவருக்கு அடியில் போய்விட்டது. கரையில் இருந்தவர்களைத்தான் அடித்தது.

"கடைசியா வந்ததாலதான் எங்கப்பா எனக்குக் கெடச்சாரு," என்றாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள்.

2010-ல் எங்களுக்கு அந்த வேலை வந்தது. சிதம்பரத்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம், கடலில் காற்று, அலை உயரம் பற்றிய எச்சரிக்கையை மீனவர்களின் செல்போனுக்கு மெசேஜாக அனுப்ப வேண்டும் என்றது. அவர்கள் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லா நம்பருக்கும் போக வேண்டும். மெசேஜை நாமே அனுப்ப முடியாது. சென்னையில் அதற்கென்றே ஒரு கம்பெனி இருந்தது. அவர்களுடைய சர்வரில் ஜாவாவில் எழுதின ஒரு வெப் சர்வீஸ் காத்துக்கொண்டிருக்கும். நம் புரோகிராம் நம்பர்களை ஒரு லிஸ்டாகக் கட்டி அதன் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தால், அது வாங்கி ஒவ்வொருவருக்கும் அனுப்பும். சொன்னால் இவ்வளவுதான். செய்தால் நாய் படாத பாடு.

சார் அந்த வேலையை அவளிடம்தான் கொடுத்தார். அவளும் வேறு யாருக்கும் விட்டிருக்க மாட்டாள். முதல் வேலையாகத் தன் ஊர்க்காரர்களின் நம்பர்களை வாங்கிக்கொண்டு வந்து ஏற்றினாள். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியில், அப்பாவின் நம்பரைப் போட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "பைத்தியமே, உங்கப்பாவ முதல்ல போடேன். யாரு கேக்கப் போறா?"

"முதல் ஆளுக்கு எப்படியும் போயிடும்டி. முதல் ஆளுக்குப் போச்சான்னு பாக்குறது ஒரு டெஸ்ட்டா? கடைசி ஆளுக்குப் போச்சுன்னா எல்லாருக்கும் போன மாதிரி. கடைசில இருக்கறவுங்க வரலன்னா வரலன்னு எங்கிட்ட உண்மையச் சொல்லணும். எங்கப்பா சொல்லுவாரு."

முதலில் அவள் எழுதினபோது நம்பர்களையெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அந்த இணைய முகவரியோடு சேர்த்தே அனுப்பினாள். அனுப்பிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ப்பா, மெசேஜ் வந்துச்சா?"

"வரலியே பாப்பா."

"வரலியா! நல்லாப் பாத்தியா?"

"சத்தமே வரலம்மா."

"வரலடி!" என்று என் முதுகில் ஓங்கி அடித்தாள். கல்யாணம் நிச்சயமான பெண்ணைப் போல அப்படி ஒரு சிரிப்பு. முகவரி ரொம்ப நீளமாகிவிட்டதால் நடுவிலேயே வெட்டுப்பட்டு, வாலில் இருந்த நம்பர்கள் போய்ச் சேரவில்லை. முன்னால் இருந்த ஆட்களிடம் கேட்டிருந்தால் எல்லாரும் வந்தது வந்தது என்றே சொல்லியிருப்பார்கள். "பாத்தியா, எங்கப்பாதான் கண்டுபிடிச்சாரு" என்று அன்று முழுக்கப் பெருமை பேசினாள். அப்புறம் வழியை மாற்றி, லிஸ்டைத் தனியாகக் கட்டி உள்ளே வைத்து அனுப்பினாள். சென்னைக்காரர்கள் ஒரு தடவைக்கு ஐம்பது நம்பருக்கு மேல் வாங்க மாட்டோம் என்றார்கள். ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, மிச்சம் இருப்பதைக் கடைசிக் கட்டாக அனுப்புகிற மாதிரி செய்தாள். மறுபடி அப்பாவுக்குப் போன்.

"வந்துருச்சு பாப்பா. டிங்குனு சத்தம் கேட்டுச்சு."

அவருக்கு எழுத்துத் தெரியாது. சத்தம்தான் அவருக்கு மெசேஜ். அதற்கு அப்பாவும் பெண்ணுமாக ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அவருடைய முதல் போன், கடலில் ஈரக் கையோடு எடுத்துப் பேசிப் பேசியே செத்துப்போனது. இரண்டாவது போனை வாங்கிக் கொடுத்தபோது மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வாங்கினாள். பாலிதீனில் சுற்றி, டப்பாவில் போட்டு, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கடலில் டப்பாவைத் திறக்கவே கூடாது. விடாமல் மணி அடித்தால் அது வீட்டு விஷயம், கரைக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொள்ளலாம். டிங் என்று ஒரே ஒரு சத்தம் கேட்டால் அது கடல் விஷயம், உடனே திரும்பிவிட வேண்டும்.

மனுஷர் அந்தச் சட்டத்தை வேதமாக எடுத்துக்கொண்டார். ஒரு தடவை செல்போன் கம்பெனிக்காரன் பாட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பின விளம்பர மெசேஜுக்கு வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார். ஊரே சிரித்திருக்கிறது. அவள் தலையில் அடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, வானம் நல்லாத்தானே இருந்துச்சு, பாக்க மாட்டியா?" என்று கேட்டாளாம். "வானத்தப் பாத்துத்தான் இத்தினி வருசம் போனேன். இப்ப நீ இருக்கற இல்ல, நான் எதுக்குப் பாக்கணும்?" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, லேசாகப் பயமாக இருந்தது. எங்கள் அப்பா என்னை அவ்வளவு நம்பினது கிடையாது.

ஐப்பசி மாதம். அவளுடைய மாமா, அதாவது அம்மாவின் தம்பி, புதிதாகப் போன் வாங்கியிருந்தார். "என் நம்பரையும் ஏத்திவுடு பொண்ணு" என்று கேட்டிருக்கிறார். அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை ஏற்றினாள். பக்கத்தில் இருந்து நான் பார்த்தேன். அப்பாவின் நம்பருக்கு மேலே மாமாவின் நம்பரை வைத்தாள்.

"எங்கப்பா இன்னும் ஒரு எடம் பின்னால போயிட்டாரு," என்றாள்.

"போதும்டி, அவரு கடல்லயே வுழுந்துடப் போறாரு," என்று நான் விளையாட்டுக்குச் சொன்னேன். வாயில் வந்ததுதான். அவள் பேனாவால் என் தலையில் தட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் சிதம்பரத்தில் என் அக்காவுக்கு வளைகாப்பு. காலையில் முதல் பஸ்ஸிலேயே அவள் வந்துவிட்டாள். வந்ததிலிருந்து சமையல்கட்டில் கொத்சுக்குக் கத்திரிக்காய் நறுக்கிக் கொடுத்து, பூத்தொடுத்து, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்து, எங்கள் வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். வளையல் போடக் கூப்பிட்டபோது மட்டும், "எல்லாரும் போடட்டும்" என்று சுவரோரம் நின்றாள். என் அம்மாவே சிரித்துவிட்டார். "சொன்னியே, இந்தப் பொண்ணுதானா அது?"

அப்போதுதான் தொண்டு நிறுவனத்து மேடம் போன் பண்ணினார். மதியத்துக்குள் காற்று வரும் என்று செய்தி வந்திருக்கிறது, பட்டனை அழுத்திவிட்டேன், எல்லாம் போய்விட்டது போலத்தான் தெரிகிறது என்றார். புயல் என்று பெயர் வைக்கிற அளவுக்கெல்லாம் இல்லை. ஐப்பசியில் வருகிற காற்றுதான்.

அவள் கொல்லைப்பக்கம் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். நானும் பின்னாலேயே போனேன். மணி அடித்தது. முழுக்க அடித்து நின்றது. இன்னொரு தடவை போட்டாள். அடித்து நின்றது. அப்புறம் மாமாவுக்குப் போட்டாள். அவர் எடுத்துவிட்டார். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"வந்துச்சு பொண்ணு! எல்லாருக்கும் அடிச்சிருச்சு! திரும்பி வந்துகினு இருக்கோம்!"

அவள் முகம் தெளிந்துவிட்டது. இன்னொரு தடவை அப்பாவுக்குப் போட்டாள், அப்போதும் அடித்து நின்றது. "அப்பாவுக்கு ரிங் போவுதுடி. எடுக்க மாட்டாரு, அது எங்க சட்டம். ரிங் போனா டவர் இருக்குன்னு அர்த்தம். டவர் இருந்தா மெசேஜும் போயிருக்கும்." என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. உள்ளே போய், எல்லாருக்கும் கடைசியாக என் அக்காவின் கையில் வளையல் போட்டாள். தட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பச்சை வளையல். அதுவும் நெளிந்த வளையல்.

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியில் வேப்பமரம் சாய்கிற மாதிரி காற்று அடித்தது. கொஞ்ச நேரம்தான். சாப்பிட உட்கார்ந்தவர்கள் இலையைப் பிடித்துக்கொண்டார்கள், குழந்தைகள் சிரித்தன. அடங்கிவிட்டது. அதற்கப்புறம் வெகு நேரம் கழித்து மாமாவிடமிருந்து போன் வந்தது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். "கட்டுமரம் மட்டுமா வந்துருக்கு?" என்று கேட்டாள். "அப்பா எங்க மாமா?" என்று கேட்டாள்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடலூர் பஸ் உள்ளே வந்து திரும்புவதற்குள் கூட்டம் மொய்த்துவிட்டது. நான் துப்பட்டாவை எடுப்பதற்குள் அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஓர் ஆளைத் தள்ளிவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் முதலாவதாக ஏறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சீட்டில் உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலூர் வரைக்கும் நின்றே வந்தாள். வேர்க்கடலைக்காரர் வந்து கூவிவிட்டுப் போனார்.

கரையில் கட்டுமரம் மட்டும் வந்து ஒதுங்கியிருந்தது. படகுகள் தேடப் போயிருந்தன. அவள் அம்மா மணலில் உட்கார்ந்து ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார்.

"உங்கிட்டப் பேசிட்டுத்தான் பக்கத்துல போய்க் கூப்புட்டேன் பொண்ணு. மச்சான், மெசேஜ் வந்துருச்சு, வலைய வுட்டுட்டு வா, கயித்தக் கட்டி இழுத்துகினு போறேன்னேன். மனுசன் இடுப்பத் தட்டிக் காட்டுறாரு. எனக்கு வரலியே, இதுல சத்தம் வரலியேன்னாரு. உனக்கு வராட்டி இன்னா, எங்களுக்கெல்லாம் வந்துருச்சேன்னேன். 'உங்களுக்கெல்லாம் வேற எதுனா விளம்பரம் வந்திருக்கும்டா. எம் பொண்ணு எனக்கு அனுப்பாமலா இருப்பா? சத்தம் வந்தவொடனே வந்துர்றேன், நீ போ'ன்னு சிரிக்கிறாரு. மணி அடிச்சுது, அதையும் கேட்டோம். 'அது வீட்டு விஷயம்'ன்னாரு."

அவள் அழவில்லை. "வரலன்னாரா?" என்று கேட்டாள். மாமா தலையாட்டினார். "வரலன்னாரா மாமா?" என்று மறுபடியும் கேட்டாள். ஒரு நாள் அப்பா வாயால் கேட்டு அவள் அப்படிச் சிரித்த வார்த்தை அது. அன்று அவள் கேட்ட விதத்தை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

மறுநாள் தெற்கே அடுத்த ஊர்க் கரையில் அவர் கிடைத்தார். டப்பா இடுப்பில் கட்டினபடியே இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் விதி என்றார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். விதியாவது மண்ணாவது! காரியம் முடிந்து அவள் அலுவலகத்துக்கு வந்த அன்றைக்கு சார் அவளை உட்காரவைத்து, "டவர் போயிருக்கும்மா. மனசப் போட்டு ஒழப்பிக்காத. அந்தப் புரோகிராம நான் வேற ஆள்கிட்ட குடுத்துர்றேன்" என்று ஆறுதலாகச் சொன்னார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"டவர் இருந்துச்சு சார். ரிங் போச்சு," என்றாள்.

அவள் உட்கார்ந்து அன்றைக்கு அனுப்பினதையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஐம்பது ஐம்பதாகப் போன கட்டுகள் எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தன. கடைசிக் கட்டை மட்டும் சென்னை சர்வர் வாங்க மாட்டேன் என்று திருப்பியிருந்தது. அந்தக் கட்டில் ஒரே ஒரு நம்பர். மாமாவின் நம்பர் உள்ளே வந்ததால் ஐம்பது நிரம்பி, அப்பாவின் நம்பர் மட்டும் தனியாக அடுத்த கட்டுக்குப் போயிருந்தது. அதற்கு முன்னால் கடைசிக் கட்டில் நிறையப் பேர் இருந்தார்கள், அதனால் ஒவ்வொரு தடவையும் போயிற்று.

"தனியாப் போனா என்னடி? ஒருத்தருக்கு அனுப்பக்கூடாதா?" என்றேன். எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நெறைய மீன் இருந்தாக் கூடைல போட்டுக் குடுப்போம். ஒரே ஒரு மீன்னா கூடை எதுக்குன்னு கைலயே குடுத்துருவோம் இல்ல? லிஸ்ட்டக் கட்டறதுக்கு நான் ரெடிமேடா எடுத்துப் போட்ட இந்த ஜாவா லைப்ரரி அப்படித்தான் பண்ணியிருக்கு. லிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணுதானேன்னு லிஸ்ட்டப் பிரிச்சுட்டு வெறும் நம்பரக் குடுத்திருக்கு. அந்தப் பக்கம் இருக்கற சென்னை சர்வரு, கூடைல வந்தாத்தான் வாங்குவேன்னு திருப்பி வுட்டுருச்சு."

அவ்வளவுதான். ஒரு மனுஷர் போனதற்குக் காரணம் அவ்வளவுதான். யாரைப் பிடித்து உலுக்குவது? எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கீழே ஜெராக்ஸ் கடை மேல் எறிய வேண்டும் போல இருந்தது. "இது உன் தப்பு இல்லடி" என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"முதல்ல போட்டிருந்தா எங்கப்பா வந்திருப்பாரு," என்றாள். "நீ சொன்ன."

நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

அவள் திருத்த ஆரம்பித்தாள். ஒருத்தரே இருந்தாலும் லிஸ்டாகவே கட்டி அனுப்பு என்று சொல்கிற சின்ன வேலைதான். எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு நம்பர் வேண்டியிருந்தது. நான் என்னுடையதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் விரல்கள் தட்டிவிட்டன. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது. ஒரே ஒரு நம்பர் இருக்கிற லிஸ்ட். அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு மேஜைக்கு அடியில் இருந்த அவள் கைப்பைக்குள்ளிருந்து டிங் என்று ஒரு சத்தம் வந்தது.

சார் எழுந்து நின்றுவிட்டார். கணக்கு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவள் குனிந்து கைப்பையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே, சுற்றின பாலிதீன் சுற்றினபடியே, போனின் சின்னத் திரை எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்கக் கடலில் கிடந்தும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அவள் அதற்குத் தினமும் சார்ஜ் போட்டு, மறுபடி சுற்றி, டப்பாவில் வைத்திருந்திருக்கிறாள்.

"கடைசி ஆளுக்குப் போயிருச்சு," என்றாள்.

அப்போதுதான் அழுதாள். மேஜையில் முகத்தை வைத்து, இரண்டு கைகளாலும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, "ப்பா, வந்துருச்சுப்பா, கரைக்கு வாப்பா" என்று அழுதாள். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அழுது ஓய்ந்து நிமிர்ந்ததும் டப்பாவின் மூடியில் கை வைத்தவள், திறக்காமல் நிறுத்திக்கொண்டாள். கை முழுக்கக் கண்ணீர். துப்பட்டாவை எடுத்து உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு என்று ஈரம் போகத் துடைத்தாள். துடைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தாள்.